மஞ்சள் விளக்கும் கரி டப்பாவும்

ஒரு காலத்தில் எந்த வீட்டில் கார் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் அம்பாசடரோ ஃபியட்டோ நின்றிருக்கும் ஷெட்டின் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாசனை குப்பென்று முகத்தில் அடிக்கும். டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சின்ன வழி இருந்தது. கார்புரேட்டரின் கிண்ணத்துக்கும் அப்படி ஒரு வழி. வெயில் ஏற ஏற இரண்டின் வழியாகவும் பெட்ரோல் ஆவியாகி ஊருக்குப் பொதுவாகப் போய்க்கொண்டிருக்கும். ஊட்டி மலை ஏறும்போது பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதும், டிரைவர் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பதும் நம் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

அந்த வாசனையை யாரும் அன்று குறையாக நினைக்கவில்லை. சிலருக்கு அது பிடிக்கவும் செய்தது. பெட்ரோல் என்றால் வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்குப் பேரனின் கார் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மூடியைத் திறந்தாலொழிய பெட்ரோல் வாசனையே வராது. வந்தால் ஏதோ பழுது என்று அர்த்தம். இந்த மாற்றம் எப்படி வந்தது, அதற்காக வைத்த ஒரு சின்ன வால்வும் இரண்டு கம்பியும் இன்று ஏன் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றிவைத்துப் பலரைப் பயமுறுத்துகின்றன என்பதைத்தான் எழுத நினைத்தேன். கதை நம் ஊரில் ஆரம்பிக்கவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில், இரண்டாம் உலகப் போரின் நடுவில் ஆரம்பிக்கிறது.

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் ஒரு பழுப்பு மூட்டம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது, நாலு தெரு தள்ளி இருக்கும் கட்டடம் தெரியவில்லை. போர்க்காலமல்லவா, ஜப்பான்காரன் விஷவாயு விட்டுவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள். அப்புறம் நகரத்துக்குள் செயற்கை ரப்பருக்கான பொருள் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் மேல் சந்தேகம் விழுந்தது. அதை மூடியும் பார்த்தார்கள், மூட்டம் போகவில்லை. புகைக்கும் பனிக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைக் கலந்து 'ஸ்மாக்' என்று சொல்வார்களே, அந்தப் பெயர் இந்த மூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இதில் பெரிதாகப் புகையும் இல்லை, பனியும் இல்லை. லண்டனில் நிலக்கரி எரித்து வந்தது வேறு சமாச்சாரம். இங்கே நல்ல வெயில் அடிக்கும் நாளில்தான் மூட்டம் மோசமாக இருந்தது. அதுதான் புதிர்.

புதிரை அவிழ்த்தவர் காற்று மாசு ஆராய்ச்சியாளரே அல்ல. ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர், கால்டெக்கில் தாவர வேதியியல் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சிகளில் ஒன்று. பழத்திலிருந்து எழும் ஆவியைக் கடுங்குளிரான குழாய்கள் வழியாக இழுத்து, உறையவைத்து, என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார். அதே கருவியில் ஜன்னலுக்கு வெளியே இருந்த ஊர்க்காற்றை இழுத்துப் பார்த்தார். அன்னாசி மணத்துக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில், நாற்றமடிக்கும் ஒரு திரவம் கிடைத்தது. எரிந்தும் எரியாமலும் போன பெட்ரோலியப் பொருட்களின் மிச்சம் அதில் இருந்தது.

அவர் கண்டுபிடித்து 1952-ல் வெளியிட்டது இதுதான்: பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவியும், எஞ்சின் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் சேர்ந்து வினைபுரிகின்றன. விளைவு ஓசோன். மேலே வானத்தில் இருந்தால் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்குப் பக்கம் வந்தால் நுரையீரலை அரிக்கும், பயிரின் இலையைக் கருக்கும், ரப்பரை வெடிக்கவைக்கும். ரப்பர் விஷயத்தை அவர் அளவுகோலாகவே வைத்துக்கொண்டார். ஒரு ரப்பர் துண்டை வளைத்து வைத்து, அதில் வெடிப்பு விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் காற்றில் ஓசோன் எவ்வளவு என்று தெரியும். லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். பட்டறைக்காரன் புத்தி இது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்குக் காரணமும் இதுதான்.

எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வேறொரு கூட்டம் இவர் சொன்னது தவறு என்றது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கால்டெக்கிலேயே வந்து பேசியபோது கேட்டுக்கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட்டுக்குக் கோபம் வந்து, மணங்களின் ஆராய்ச்சியை மூட்டைகட்டிவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கிவிட்டார் என்று சொல்வார்கள். 1968-ல் கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1977-ல் நுரையீரல் புற்றுநோயில் காலமானார்.

கார் கம்பெனிகள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மேற்பார்வையாளர் கென்னத் ஹான் 1953-லிருந்து வருடக்கணக்காக டெட்ராய்ட்டுக்குக் கடிதம் எழுதினார். கார் புகை காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்ற பொருளில் ஃபோர்டிலிருந்து முதலில் பதில் வந்தது. இதற்கிடையில் ஊர் மக்கள் தங்கள் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளை 1957-ல் நிறுத்தவேண்டி வந்தது. சாதாரணக் குடும்பஸ்தன் முதலில் விட்டுக்கொடுத்தான், பெரிய கம்பெனி கடைசியில் விட்டுக்கொடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வருவதைத் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு தாமதப்படுத்தினார்கள் என்று 1969-ல் அமெரிக்க அரசே அந்தக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. அதே வருடம் அது சமரசத்தில் முடிந்தது.

காரிலிருந்து கெட்ட காற்று எங்கெங்கே வருகிறது என்று எண்ணிப் பார்த்தபோது மூன்று வாசல் தெரிந்தது. பெரியது புகைக்குழாய். அது சுமார் 60 சதவீதம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்கு இறங்கும் வாயு ஒரு 20 சதவீதம். மீதி 20 சதவீதம்தான் நான் முதலில் சொன்ன ஷெட் வாசனை. டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் சும்மா போகும் ஆவி. இது வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போதும் போகும். எஞ்சினை அணைத்தாலும் நிற்காத மாசு இது ஒன்றுதான்.

எஞ்சின் அடிவயிற்று வாயுவுக்கு 1960-களின் தொடக்கத்திலேயே வழி கண்டார்கள், அதையே திரும்ப எஞ்சினுக்குள் விட்டு எரித்துவிட்டார்கள். ஆவிக்கு அப்படி உடனே செய்ய முடியாது. ஆவி எழுவது வண்டி நிற்கும்போது, எஞ்சின் எரிப்பது ஓடும்போது. நடுவில் எங்காவது சேமித்து வைக்கவேண்டும். சில கம்பெனிகள் எஞ்சினின் அடிவயிற்றிலேயே சேமித்துப் பார்த்தன. நிலைத்து நின்றது கரி.

கரி என்றால் அடுப்புக்கரி இல்லை, நீராவியிலோ ரசாயனத்திலோ பதப்படுத்தி உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகளை உண்டாக்கிய கரி. ஒரு கிராம் கரியில் இந்தத் துளைகளின் உள்சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கர்! முதல் உலகப் போரில் விஷவாயுவுக்கு எதிராக முகமூடிகளில் வைத்தது இதே சரக்குதான். அப்போது அமெரிக்காவில் தேங்காய்ச் சிரட்டையும் பீச் பழக் கொட்டையும் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டு வாங்கினார்கள். சிரட்டைக் கரிக்கு நம் காங்கேயம் பக்கத்தில் தொழிற்சாலைகள் இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் கார் டப்பாவுக்குள் பெரும்பாலும் மரக்கரியைத்தான் போடுகிறார்கள். சிரட்டைக் கரியின் துளைகள் மிகச் சிறியவை, பிடித்தால் லேசில் விடாது. காருக்குத் தேவை ராத்திரி பிடித்துவைத்து, காலையில் காற்றடித்தால் விட்டுவிடும் கரி. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

இந்தக் கரி டப்பாவை 1970-ம் வருட மாடலிலிருந்து கலிஃபோர்னியாவிலும், அடுத்த வருட மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் கார்களில் பார்க்கலாம். டேங்க் மூடியில் இருந்த வழி அடைபட்டது. ஆவி ஒரு குழாய் வழியாக டப்பாவுக்குப் போய்க் கரியில் தங்கும். வண்டி ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சு விசை டப்பாவின் இன்னொரு வாய் வழியாக வெளிக்காற்றை இழுத்து, கரியில் தங்கிய பெட்ரோலைக் கழற்றிக்கொண்டுபோய் எரித்துவிடும். கரி மறுபடி காலி. பத்து, பதினைந்து வருடம் இந்த வேலையை அலுக்காமல் செய்யும். நகரும் உறுப்பு ஒன்றுகூட டப்பாவுக்குள் கிடையாது.

அளப்பதற்கும் ஒரு வேடிக்கையான முறை வந்தது. காற்றுப் புகாத ஓர் அறை, கார் முழுதாக உள்ளே. டேங்கை ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றுவார்கள். அப்புறம் ஓட்டிக் களைத்த சூடான காரை நிறுத்தி இன்னொரு மணி நேரம் பூட்டிவைப்பார்கள். அறைக்காற்றில் எத்தனை கிராம் ஆவி சேர்ந்தது என்று பார்ப்பார்கள். 1978-ல் 6 கிராம் வரை அனுமதி. 1981-ல் அது 2 கிராமாக இறங்கியது. இரண்டு கிராம் பெட்ரோல் என்றால் அரை டீஸ்பூன். ஒரு முழுக் காரிலிருந்து, பெயிண்ட், ரப்பர், டேங்க், குழாய் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து அரை டீஸ்பூனுக்கு மேல் வரக்கூடாது! நம் நாட்டு விதிகளிலும் இந்த 2 கிராம் கணக்கு வந்து சேர்ந்தது.

ஆரம்ப காலத்து டப்பாவில் மின்சாரமே கிடையாது. எஞ்சின் சூடானதும் திறக்கும் ஒரு வெப்ப வால்வு, ரப்பர் குழாய், ஒரு சவ்வு. குழாய் கழன்றுபோனால் யாருக்கும் தெரியாது. பல வண்டிகளில் குழாய் வெடித்துப்போய், டப்பா வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது. புதிதாக விற்கும்போது சோதனையில் தேறிய கார், ஐந்தாம் வருடத்தில் தெருவில் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது?

1980-களில் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. காரே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். 1988-லிருந்து கலிஃபோர்னியா இதன் முதல் வடிவத்தைக் கேட்டது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 என்ற இரண்டாம் வடிவம். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் 16 ஊசித் துளைகளோடு ஒரு சாக்கெட் இருக்குமே, அது இதில் வந்ததுதான். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சாக்கெட், பழுதுகளுக்கு ஒரே எண்வரிசை. கரி டப்பா சமாச்சாரத்துக்கெல்லாம் பி-0440-லிருந்து எண்கள்.

அமெரிக்காவில் கார் தன் டேங்கில் ஓட்டை இருக்கிறதா என்று தானே சோதிக்கவேண்டும். டப்பாவின் வெளிவாயை மூடிவிட்டு, எஞ்சின் உறிஞ்சலால் டேங்கில் லேசான வெற்றிடம் உண்டாக்கி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும். முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டை வரை கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. 2000-லிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர். அங்கே பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால்கூட மஞ்சள் விளக்கு எரியும். அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்வந்தவர்கள் யாராவது "மூடியை டிக் டிக் என்று சத்தம் வரும்வரை திருகணும்பா" என்று பையன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஐரோப்பா 2000-ல் தன் விதியை எழுதியபோது இந்த இடத்தில் ஒரு சலுகை கொடுத்தது. ஓட்டை இருக்கிறதா என்று கார் பார்க்கவேண்டாம். ஆவியை எஞ்சினுக்கு விடும் அந்தப் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நாம் பாரத் ஸ்டேஜ் விதிகளை ஐரோப்பாவைப் பார்த்துத்தான் எழுதினோம். பாரத் ஸ்டேஜ் 4 சென்னை உள்ளிட்ட நகரங்களில் 2010-லும், நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும் வந்தது. இடையில் 2013-லிருந்து ஓபிடி-2. அந்தச் சலுகையும் அப்படியே கூடவே வந்துவிட்டது.

அரைகுறை வேலை இது என்பது என் அபிப்பிராயம். ரப்பர் குழாய் வெடித்து ஆவி முழுக்க வெளியே போனாலும் நம் ஊர்க் கார் பேசாமல் இருக்கலாம். கம்பி அறுந்தால் மட்டும் கூப்பாடு போடும். நம்மைப்போல் வெயிலும் ஆவியும் அதிகமுள்ள தேசத்துக்கு அமெரிக்க விதிதான் பொருத்தம். இருந்தாலும் இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறை லாபம் உண்டு. நம் ஊர்க் காரில் கரி டப்பா சம்பந்தமாக எண் வந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது டப்பாவையோ டேங்கையோ இல்லை, கம்பியைத்தான். பி-0443 என்றால் பொதுவாக மின்சுற்றுக் கோளாறு. 0444 என்றால் அறுபட்டது, 0445 என்றால் எங்கோ உரசி ஒட்டிக்கொண்டது. 0458, 0459 என்பவை மின்னழுத்தம் குறைவு, அதிகம். இவற்றில் ஒன்றுகூடக் கரியைப் பற்றிச் சொல்லவில்லை.

போன வருடம் எங்கள் தெருவில் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடப் பெட்ரோல் கார், வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுப்பார். மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி எப்போதும்போல் ஓடியது. ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, "கானிஸ்டர் போயிடுச்சு சார், வால்வோட சேர்த்து செட்டா மாத்தணும்" என்று ஐந்திலக்கத்தில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பென்ஷன்காரருக்கு அது ஒரு மாத மருந்துச் செலவுக்கு மேல். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இதை மாத்தலைன்னா வண்டி தீப்பிடிக்குமா?"

"தீயெல்லாம் பிடிக்காது சார். முதல்ல பானட்டைத் திறங்க" என்றேன்.

தாளில் எண் அச்சாகியிருந்தது: பி-0444. கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரிகிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பர்ஜ் வால்வு ஒரு சின்ன மின்காந்தச் சுருள், அதற்கு இரண்டே கம்பி. ஒன்றில் சாவியைப் போட்டதும் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வந்து நிற்கும். மற்றது கம்ப்யூட்டருக்குப் போகிறது. வால்வைத் திறக்கவேண்டுமானால் கம்ப்யூட்டர் அந்தக் கம்பியை எர்த் செய்யும். ஒரு நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டு எர்த் செய்வதால் எவ்வளவு ஆவி போகவேண்டுமோ அவ்வளவு போகும். வேலையில்லாதபோது, சுருள் வழியாக வந்த அதே 12 வோல்ட் கம்ப்யூட்டரின் கால்வரை வந்து நிற்கவேண்டும். எர்த் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கவேண்டும். நிற்கவேண்டிய இடத்தில் 12 வோல்ட் இல்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று அது எழுதிக்கொள்கிறது. ஃபியூஸா, சுருளா, கம்பியா என்பது அதற்குத் தெரியாது. கரி நல்லதா கெட்டதா என்பது சுத்தமாகத் தெரியாது.

வால்வின் கப்ளரைக் கழற்றினேன். சாவியை ஆன் செய்யச் சொல்லி மல்டிமீட்டரில் பார்த்தால் சப்ளைக் கம்பியில் 12.4 வோல்ட். இதோடு நிறுத்தக்கூடாது. கம்பியில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தைக் குடிப்பதே இல்லை. அதனால் பழைய முறையில் 5 வாட் பல்பு ஒன்றை அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தேன். அது எடுப்பது 0.4 ஆம்பியர், கிட்டத்தட்ட வால்வு எடுக்கும் அளவுதான். பளிச்சென்று எரிந்தது. ஃபியூஸும் சப்ளையும் சுத்தம். பல்பு வைத்துப் பார்ப்பது சப்ளைக் கம்பிக்கு மட்டும்தான். கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பியில் கண்ட பல்பையும் மாட்டினால் கம்ப்யூட்டரே போய்விடும்.

அடுத்து வால்வு. இரண்டு காலுக்கும் நடுவே 26 ஓம். பொதுவாக 20-லிருந்து 30 வரை இருக்கும், ஆகவே சுருள் அறுபடவில்லை. வால்வைக் கையில் எடுத்து வாயால் ஊதினேன், காற்றுப் போகவில்லை. பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி கொடுத்தேன். 'டக்' என்றது, காற்றுப் போனது. எடுத்தேன், மூடிக்கொண்டது. எஸ்டிமேட்டில் இருந்த இரண்டு சாமானில் ஒன்று நல்லது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மற்றதான கரி டப்பாவைத் தொடவே தேவையில்லை, அதற்குக் கம்பியே கிடையாது.

கப்ளரை மறுபடி மாட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை விட்டு இரண்டு கம்பியையும் பார்த்தேன். இரண்டிலும் 12 வோல்ட். இதைப் பார்த்து மிரள்கிறவர்கள் உண்டு. எர்த் கம்பியில் எப்படி வோல்ட் என்பார்கள். வால்வு சும்மா இருக்கும்போது அப்படித்தான் இருக்கவேண்டும். அதே கம்பியின் மறுமுனையை, கம்ப்யூட்டர் கப்ளரின் பின்பக்கம், அதே மாதிரி ஊசி விட்டுப் பார்த்தபோது 12 வோல்ட் இல்லை, மீட்டர் ஏதோ சொற்பமாகக் காட்டியது. ஒரே கம்பியின் ஒரு நுனியில் 12, மறுநுனியில் அது இல்லை. இனி கம்ப்யூட்டரையும் சந்தேகப்படவேண்டாம், நடுவில் ஒன்றரை அடிக் கம்பிதான் பாக்கி.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வயரிங்கின் மேலுறையைப் பிரித்துக்கொண்டே போனோம். பேட்டரித் தட்டுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில், கடலைத் தோல், தென்னை நார், கிழிந்த பாலிதீன் பை எல்லாம் வைத்து மெத்தை போட்டிருந்தது. எலி. இரண்டு கம்பி கடிபட்டிருந்தது. ஒன்று மேல்தோல் மட்டும். மற்றது முழுக்க அறுந்து, நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே அறுந்திருக்கவேண்டும்.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு தம்பி, நான் கூப்பிட்டதும் வந்தார். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். களிம்பு பிடித்த வரைக்கும் வெட்டி, அதே கனத்தில் புதுத் துண்டு வைத்து, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டார். தோலுரிந்த கம்பிக்கும் அதே வைத்தியம். மொத்தம் முக்கால் மணி நேரம், 350 ரூபாய். அவர் 300 போதும் என்றார், தபால்காரர் கேட்கவில்லை.

ஸ்கேனரில் எண்ணை அழிக்கலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம், தானாக அணைகிறதா பார்ப்போம் என்றேன். விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படவில்லையென்றால் விளக்கு அணைந்துவிடும். எண் மட்டும் நினைவில் தங்கி, எஞ்சின் 40 முறை சூடேறி ஆறியபின் அழியும். அழித்துவிட்டால் பழுது நிஜமாகவே தீர்ந்ததா, அல்லது வெறுமனே மறந்துபோனதா என்பது உடனே தெரியாது.

பழுது இருந்தவரை என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். வண்டி நன்றாகத்தானே ஓடியது? ஓடியது. ஆனால் வால்வு திறக்காததால் கரி காலியாகவே இல்லை. பல மாதம் பிடித்ததையே பிடித்துக்கொண்டு நிரம்பிப்போயிருக்கும். நிரம்பிய கரி அதற்குமேல் எதையும் பிடிக்காது. டேங்கின் ஆவி நேராக வெளிவாய் வழியாகத் தெருவுக்குப் போகும், பழைய அம்பாசடர் மாதிரியே. வெயில் நாளில் அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் லேசாக வாசனை வந்ததை அவர் மனைவி மட்டும் கவனித்திருக்கிறார். புதுக் காரில் என்ன வாசனை என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஓட்டம் முடிந்த மறுநாள் காலையில் விளக்கு அணைந்திருந்தது. அவர் அப்போதே போன் செய்து சொன்னார். பழைய எஸ்டிமேட் தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். எலிக்கு என்ன செய்வது என்றும் கேட்டார். நாப்தலின் உருண்டை, புகையிலைத் தூள், வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து எலி பயப்படுவது அடிக்கடி ஓடும் வண்டிக்குத்தான். இப்போது அவர் நாள் விட்டு நாள் காலையில் காரை எடுத்து, பெரிய ஏரிக்கரை வரை போய்த் திரும்புகிறார். ராத்திரி பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுகிறார்.